ஓட்டியவருக்கே பேட்ஜ்

சொன்ன பொய்க்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை. "அம்மா கண்ணைப் பார்த்தியா? எப்படி இருக்கு?" என்று கணவன் கேட்டான். "பார்த்தேன். பவர் கொஞ்சம் மாறியிருக்கு" என்றாள். கேட்டவன் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டான். சொன்னவளுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

கண் மருத்துவமனையில் டாக்டரின் அறைக்கு முந்தின அறை அவளுடையது. எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெரியுதா, இப்போ தெரியுதா" என்று கேட்டு, கண்ணாடியின் அளவைக் குறித்துக் கொடுக்கிற வேலை. வருகிறவர்கள் எல்லோரும் "டாக்டரம்மா" என்பார்கள். "நான் டாக்டர் இல்லைங்க" என்று திருத்தித் திருத்தி வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வாரம் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தது அவளுடைய மாமியார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டையைக் கையில் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள்.

"இதை அச்சடிச்சவன் யாரும்மா?" என்றார் அத்தை. "நடுவுல கோடெல்லாம் வளைஞ்சு கிடக்கு. பக்கத்துல ஒரு அழுக்கு வேற."

அட்டையில் எல்லாக் கோடுகளும் நேராகத்தான் இருந்தன. அழுக்கும் இல்லை.

நிலம் அளக்கிற வேலையில் ஓய்வு பெற்றவர் அத்தை. இன்றைக்கும் ஊரில் எல்லோருக்கும் சர்வேயரம்மாதான். யார் வீட்டுக்குப் போனாலும் சரி, சுவரில் படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் எழுந்து போய் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். இத்தனைக்கும் இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம். அளந்தது, படித்தது, ஓட்டியது எல்லாம் வலது கண்ணை நம்பித்தான். கோளாறு வந்திருப்பது அந்த வலது கண்ணில், விழித்திரையின் நட்டநடுவில். சீக்கிரம் ஊசி போட ஆரம்பித்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் போனது போனதுதான்.

"பழைய கார் க்ளப்போட பயணம் முடியட்டும். அடுத்த நாளே எந்த டாக்டர்கிட்ட வேணா கூட்டிட்டுப் போ" என்றார் அத்தை. "அதுவரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாதே."

"அத்தை, அவருகிட்ட எப்படி..."

"சொன்னேன்னு வெச்சுக்கோ, அன்னிக்கே சாவி அவன் பைக்குள்ள போயிடும். அப்புறம் அந்த வண்டியும் நானும் ஒண்ணுதான். துடைச்சு, துணி போட்டு மூடி வெப்பீங்க."

அப்படித்தான் அந்தப் பொய் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்று பயணத்தின் நாள்.

காலையில் அவள் கார் கொட்டகைக்குப் போனபோது அத்தை வண்டியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாலாடை நிறத்தில், வட்ட விளக்குகளும் கொழுத்த கன்னங்களுமாக ஒரு பழைய கார். முன்பக்க வலைக்குக் குறுக்கே பளபளவென்று ஒரு கம்பி. அந்தக் கம்பியில் வரிசையாக பேட்ஜுகள்.

பித்தளை வார்த்து, குரோமியம் பூசி, நடுவில் வண்ணக் கண்ணாடிப் பூச்சான மினா ஊற்றிய பேட்ஜுகள். கேடயம் போல ஒன்று, சக்கரம் போல ஒன்று, சிறகு முளைத்த சக்கரமாக இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் க்ளப்பின் பயணத்தை முடித்தவர்களுக்கு ஒன்று கிடைக்கும். அத்தை அவற்றை வருட வரிசைப்படி இடமிருந்து வலமாக மாட்டியிருந்தார். ஓடும்போது கடகடக்காமல் இருக்க, ஒவ்வொன்றின் பின்னாலும் பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் வளையம். கடைசியில், வலது ஓரத்தில், ஒரே ஒரு பேட்ஜுக்கு இடம் பாக்கி.

"மினாவைத் தூள் போட்டுத் தேய்க்கக் கூடாது. கீறல் விழுந்தா விழுந்ததுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போன வருடத்து பேட்ஜைத் துடைத்து, திரும்ப மாட்டி, நட்டை முறுக்கினார். "எப்படி இருக்கு?"

மருமகள் பார்த்தாள். பேட்ஜ் சாய்ந்திருந்தது. சற்றே அல்ல, நன்றாகவே. தெருவில் போகிற யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"நல்லா இருக்கு அத்தை" என்றாள். சொன்னதும் தன் வாயின் மேலேயே கோபம் வந்தது. "இல்லை. கோணலா இருக்கு."

அத்தை பேட்ஜின் மேல் விரலை வைத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார். நட்டைத் தளர்த்தி ஸ்பேனரை அவள் பக்கம் நீட்டினார்.

"நீயே நிமிர்த்து."

நிமிர்த்தினாள். "அத்தை, இன்னிக்கு நீங்க ஓட்டக் கூடாது. நான் கண்ணாடிக் கடைக்காரி மாதிரி பேசலை. வீட்டு மனுஷியா சொல்றேன்."

"நேர் ரோடு. பாதி தூரம் எனக்கு மனப்பாடம்."

"ரோடு மனப்பாடம். எதிர்ல வர்றவங்க?"

அதற்குள் கணவன் தலைக்கவசத்தைக் கையில் கோத்துக்கொண்டு வந்துவிட்டான். தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் அவனுக்குக் காலை ஷிஃப்ட். மதியம் முடிந்ததும் பைக்கில் நேராக, பயணம் முடிகிற மலை உச்சிக்கே வந்துவிடுவதாகச் சொன்னான்.

"என்ன, ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க?"

"ஒண்ணுமில்லை" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

அவன் சிரித்தான். "மாமியாரும் மருமகளும் ஒரே குரல்ல பேசினா உலகம் அழியப் போகுதுன்னு அர்த்தம்" என்று சொல்லி, அம்மாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பைக் சத்தம் தேய்ந்ததும் அத்தை எழுந்தார். "சரி. நீ பக்கத்துல உட்காரு. நிறுத்துன்னு நீ சொன்னா அந்த இடத்துலயே நிறுத்திடறேன். வாக்கு."

அவள் சம்மதித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இன்னும் ஒரு பிடி அள்ளிப் போடுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ.

கார்கள் புறப்படுகிற மைதானத்தில் அத்தையைப் பார்த்ததும் நாலு பேர் ஓடிவந்தார்கள். "சர்வேயரம்மா வந்தாச்சு, இனிமே வரிசை கோணலா நிக்காது" என்றார் ஒருவர். அத்தையும் சளைக்கவில்லை. "நீ நிமிர்ந்து நில்லு முதல்ல" என்றார்.

க்ளப் செயலாளர் துணி வியாபாரி. நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். அவருடைய கரும்பச்சைக் காரின் முன்பக்கம் பாத்திரக்கடை வாசல் மாதிரி மின்னியது. ஒரு கம்பி போதாமல் இரண்டு கம்பி. இரண்டும் நிறைந்து, வலையிலும் பேட்ஜுகள். எந்தெந்தத் தேசத்து க்ளப்புகளோ. அந்தக் கார் கடலைத் தாண்டியதில்லை. பேட்ஜுகள்தான் உலகம் சுற்றி வந்தவை. எல்லாம் பழைய சாமான் சந்தைகளில் தேடித் தேடி வாங்கியவை.

"வாங்கி மாட்டறதும் ஒண்ணு, இரவல் நகை போட்டுக்கறதும் ஒண்ணு" என்பது அத்தையின் கட்சி. அவர் முகத்துக்கு எதிரேயே சொல்லியிருக்கிறார்.

இன்று அத்தை கையெழுத்துப் போடப் போயிருந்தபோது, மருமகள் அந்தப் பேட்ஜுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க மாமியார் என்னைத் திட்டறாங்கள்ல, அதுல நியாயம் இருக்கும்மா" என்றார். "ஆனா ஒண்ணு. இது ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி எவனோ ஒருத்தன் ஓட்டியிருக்கான். மழையில, பனியில ஓட்டி வாங்கியிருக்கான். அவன் போயிட்டான். வீட்டுல இருக்கிறவங்க எடைக்குப் போட்டுட்டாங்க. அவனுக்குப் பதிலா நான் துடைச்சு வெச்சிருக்கேன். அவ்வளவுதான்."

அவளுக்கு அது புதிதாக இருந்தது. அந்த மனிதரை இத்தனை நாளும் ஒரு பகட்டுக்காரர் என்றே நினைத்திருந்தாள்.

"உங்க மாமியாரோட கம்பியில முதல் வருஷத்து பேட்ஜ் இருக்காது, கவனிச்சீங்களா?" என்றார் அவர். "அந்த வருஷம் வண்டியை ஓட்டினது அவங்க. பேட்ஜை அவங்க வீட்டுக்காரர் கையில கொடுத்துட்டோம். வண்டி அவர் பேர்ல இருந்துச்சு, அதுதான் வழக்கம்னோம். அவரு பாவம், பக்கத்துல உட்கார்ந்து தூங்கிட்டே வந்தவரு. அடுத்த கூட்டத்துல உங்க மாமியார் மேஜையைத் தட்டினாங்க பாருங்க, இன்னும் காதுல கேட்குது. 'ஓட்டியவருக்கே பேட்ஜ்'னு விதியில எழுதினதுக்கு அப்புறம்தான் உட்கார்ந்தாங்க."

விசில் ஊதினார்கள். கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. கடைசியாக அவர்களுடையது.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அத்தையின் கை ஸ்டியரிங்கில் பட்டும் படாமலும் இருந்தது. வண்டி வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. கியர் மாற்றுவதே தெரியவில்லை. ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார். மருமகளுக்கே சந்தேகம் வந்துவிட்டது: தான்தான் தொழில் புத்தியில் அளவுக்கு மீறிப் பயப்படுகிறோமோ?

பிறகு கவனித்தாள். அத்தை முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பிக்கொண்டு, கடைக்கண்ணால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் தெரியாததை ஓரத்தால் பிடிக்கிற முயற்சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேரிடம் அவள் பார்த்த அதே சாய்வு.

ஊரைத் தாண்டியதும் இருபுறமும் மரங்கள் கவிந்த நீண்ட சாலை. வெயிலும் நிழலும் திட்டுத் திட்டாக விழுந்து கிடந்தன. தூரத்தில் ஒரு சைக்கிள். தோளில் ஏணி, கைப்பிடியில் தொங்குகிற டப்பா. பெயிண்டர். சாலையின் ஓரத்தைவிட்டுக் கொஞ்சம் உள்ளேதான் போய்க்கொண்டிருந்தார்.

அத்தை விலகுவார் என்று அவள் நினைத்தாள். இப்போது விலகுவார். இதோ, இப்போது.

வண்டி விலகவில்லை.

"அத்தை! நிறுத்துங்க!"

வாக்குக் கொடுத்தபடியே அத்தை பிரேக்கை மிதித்தார். பழைய பிரேக். வண்டி கிறீச்சிட்டு இழுத்துக்கொண்டே போனது. பெயிண்டர் திரும்பிப் பார்த்து, சைக்கிளோடு பள்ளத்தில் பாய்ந்தார். ஏணி சாலையின் குறுக்கே தடாலென்று விழுந்தது. அதன் முதல் படிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. டப்பா உடைந்து, நீல வண்ணம் தாரின் மேல் மெதுவாகப் பரவியது.

பெயிண்டர் எழுந்து வந்தார். முழங்கையில் சிராய்ப்பு. மற்றபடி ஒன்றும் இல்லை.

"ஏம்மா! இவ்வளவு பெரிய ஏணியைத் தூக்கிட்டுப் போறேன்! கண்ணு தெரியலை?"

யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான் அது. சாலையில் தினமும் ஆயிரம் பேர் கேட்கிறார்கள். அத்தை கதவைத் திறந்து இறங்கி அவருக்கு எதிரே போய் நின்றார்.

"ஆமாப்பா" என்றார். "தெரியலை."

சண்டைக்குத் தயாராக வந்தவர் ஓங்கிய கையை இறக்கினார். அத்தையின் முகத்தையே பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

"அப்போ... ஏம்மா ஓட்டறீங்க?" குரல் இறங்கிவிட்டிருந்தது.

"தப்புதான்."

மருமகள் முதலுதவிப் பெட்டியை எடுத்துவந்து சிராய்ப்பைத் துடைத்துக் கட்டினாள். மூன்று பேருமாக ஏணியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தார்கள். சைக்கிளின் வளைந்த கைப்பிடியை அவரே முட்டியில் வைத்து நிமிர்த்திக்கொண்டார். புறப்படும்போது திரும்பி, "வீட்டுல மூணு பேரு எனக்காகக் காத்திருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அத்தை காரின் முன்கன்னத்தில் சாய்ந்து நின்றார்.

"அவன் இருந்த இடத்துல எனக்கு நிழல்தான் தெரிஞ்சுது" என்றார். "மனுஷனே இல்லை. வெறும் நிழல்."

"தப்பு என் மேலயும்தான் அத்தை. தெரிஞ்சும் உங்களை உட்கார விட்டேன்."

"அதை அப்புறம் பங்கு போட்டுக்கலாம்." அத்தை வண்டியைச் சுற்றி வந்து இடப்பக்கத்துக் கதவைத் திறந்தார். "நீ ஓட்டு."

"திரும்பிடலாமே?"

"எதுக்கு? வண்டிக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

அவள் இந்தக் காரை அதற்கு முன் ஓட்டியதில்லை. கியர் கம்பு ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. க்ளட்ச் கல்லாக இருந்தது. முதல் முயற்சியில் வண்டி தவளை மாதிரி தாவி அணைந்தது. அத்தை வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது முறையும் அணைந்தது. அப்போதும் திறக்கவில்லை. வாய் வரைக்கும் வந்ததை அவர் எப்படி விழுங்கினார் என்பதை நினைத்தால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மலை ஏறத் தொடங்கியதும் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "இந்த ரோட்டுக்குக் கல்லு நட்டதே நாங்கதான். அடுத்த வளைவு இடது பக்கம், ரெண்டாவது கியருக்குப் போயிடு."

வளைவு வலது பக்கம் திரும்பியது. மருமகள் அவசரமாக ஒடித்துத் திருப்பினாள். டயர் சரளையில் கறுக்கென்றது.

"அகலப்படுத்தும்போது மாத்தியிருப்பாங்க" என்றார் அத்தை, சிறிது நேரம் கழித்து. பிறகு சிரித்தார். நிஜமான சிரிப்பு. "நான் அளந்த ரோடே இப்போ இல்லையா? சரி, போ. நான் வாயை மூடிக்கறேன்."

எல்லோருக்கும் கடைசியாக அவர்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. விருந்தினர் விடுதியின் முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. மேஜை மேல் துணி விரித்து, இந்த வருடத்து பேட்ஜுகளைப் பரப்பியிருந்தார்கள். வெள்ளை மினாவில் ஒரு மலை. அதன் மேல் ஏறுகிற சின்னஞ்சிறு கார். அழகாக இருந்தது. அவளாலேயே கண்ணை எடுக்க முடியவில்லை.

செயலாளர் ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் குரலை இன்னும் உயர்த்தினார்.

"நம்ம க்ளப்போட மானத்தைக் காப்பாத்திட்டு வர்றவங்க... சர்வேயரம்மா!"

கைதட்டல் எழுந்தது. 'வாங்கிக்கொள்ளட்டும்' என்றுதான் மருமகள் மனதார நினைத்தாள். பாதி வழி அவர்தானே ஓட்டினார்? மாறி உட்கார்ந்ததை அந்தப் பெயிண்டரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அந்தக் கம்பியில் கடைசி இடம் நிறைந்துவிடும். பிறகு ஊசி, மருந்து எது வந்தாலும் வரட்டும்.

அத்தை மேஜைக்குப் போனார். பேட்ஜைக் கையில் வாங்கி விரலால் ஒருமுறை தடவினார். அப்படியே மேஜையில் வைத்தார்.

"இன்னிக்கு மலையேத்தினது நான் இல்லை. என் மருமக."

செயலாளர் ஒலிபெருக்கியைக் கையால் மூடினார். "அதனால என்னம்மா? கொஞ்ச தூரம் மாத்தி ஓட்டியிருப்பீங்க. யாரு கேட்கப் போறா?"

"நான் கேட்பேன். மேஜையைத் தட்டி விதி எழுத வெச்சவ நான். எனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?"

அவர் கையை எடுத்துவிட்டார். அத்தையின் குரல் இப்போது எல்லோருக்கும் கேட்டது.

"ஏன் மாத்தினோம்னும் சொல்லிடறேன். அப்புறம் ஆளுக்கொரு கதை கட்டுவீங்க. எனக்குக் கண்ணு போயிட்டு இருக்கு. போன வாரமே தெரியும். தெரிஞ்சும் வீம்புக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். வழியில ஒரு மனுஷன் மேல ஏத்தப் பார்த்தேன். இந்தப் பொண்ணு கத்தினதால அவன் வீட்டுக்குப் போயிட்டான். உங்கள்ல கண்ணு சரியில்லாம மறைச்சு ஓட்டறவங்க இன்னும் ரெண்டு பேரு இருப்பீங்க. யாருன்னு உங்களுக்கே தெரியும்."

கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

செயலாளர் பேட்ஜை எடுத்து மருமகளிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"வாங்கிக்கோ" என்றார் அத்தை. "உனக்கு உரியதை வேற யார் கையிலயும் விடாதே."

வாங்கிக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கூட்டம் தேநீரின் பக்கம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, நம்ம கம்பியிலேயே மாட்டிடலாமா? ஓரத்துல இடம் இருக்கே."

"நம்ம கம்பி இல்லை. அது என் கம்பி." அத்தையின் உதடு லேசாகத் துடித்தது. "அதுல இருக்கிறதெல்லாம் நான் ஓட்டினது. இது நீ ஓட்டினது. உன் வண்டியில மாட்டிக்கோ."

அவளுடைய சின்னக் காரின் மூக்கு முழுக்கப் பிளாஸ்டிக். ஒரு ஆணியைக்கூடத் தாங்காது. அது அத்தைக்கும் தெரியும். வாயால் விட்டுக்கொடுக்க அவரால் முடிந்தது. மனதால் முடிய இன்னும் கொஞ்சம் நாள் ஆகும் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் வற்புறுத்தவில்லை. ஓரமாக ஒதுங்கி மருத்துவமனைக்கு ஃபோன் போட்டு, விழித்திரை டாக்டரிடம் எவ்வளவு சீக்கிரம் நேரம் கிடைக்கும் என்று விசாரிக்கச் சொன்னாள்.

திரும்பியபோது கணவன் எதிரே நின்றிருந்தான். பைக்கில் எப்போதும் இருக்கும் இரண்டு தலைக்கவசங்களும் கையில். அவன் எப்போது வந்தான் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. முகமே சொன்னது.

"பவர் கொஞ்சம் மாறியிருக்குன்னுதானே சொன்னே?"

"அத்தைதான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு..."

"அம்மா சொல்லாதேன்னாங்க. சரி. அது அவங்க கண்ணு, அவங்க இஷ்டம். ஆனா நான் உன்னைக் கேட்டேனே. நேருக்கு நேர் கேட்டேனே."

அவள் தலை குனிந்தாள்.

"அந்த ஆளு மேல ஏறியிருந்தா? இந்நேரம் அவர் வீட்டு வாசல்ல போய் நான் என்னன்னு சொல்லியிருப்பேன்? என் பொண்டாட்டிக்குக் கண்ணைப் பத்தி எல்லாம் தெரியும்னா?"

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள்.

அத்தை இருவரையும் பார்த்துக்கொண்டே வந்தார். முகங்கள் அவருக்கு எந்த அளவு தெரிந்தனவோ. குரல்கள் போதுமாக இருந்தன.

"திட்டறதுன்னா என்னைத் திட்டுடா. சொல்லாதேன்னு வாயைக் கட்டினவ நான்."

"உன்னைத் திட்ட என்னால முடியலைம்மா" என்றான். "அதான் பிரச்சினையே."

அத்தை அவன் கையிலிருந்த இன்னொரு தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டார். "நான் இவன் பின்னால உட்கார்ந்து வர்றேன்" என்றார் மருமகளிடம். "இந்த மனசோட இவனைத் தனியா மலை இறங்க விடக் கூடாது. நீ வண்டியைப் பார்த்துக் கொண்டு வா."

பைக் புறப்பட்டது. அத்தை மகனின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டிருந்தார். அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெரிய காரில் அவள் தனியாக இறங்கினாள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. பக்கத்து இருக்கையில் பேட்ஜ் வளைவுக்கு வளைவு இங்கேயும் அங்கேயும் சறுக்கிக்கொண்டிருந்தது. க்ளட்ச் இப்போது அவ்வளவு கடினமாகத் தெரியவில்லை. கியர் தானாக விழுந்தது. யாராவது பார்த்திருந்தால், பல காலமாக ஓட்டுகிறவள் என்றே நினைத்திருப்பார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷப்பட முடியவில்லை.

பாதி மலை இறங்கியிருந்தபோது ஃபோன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தாள். மருத்துவமனையில் பதிவு மேஜையில் இருக்கிற தோழி.

"டாக்டர்கிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலையில முதல் ஆளாப் பார்க்கறேன்னுட்டாரு. அன்னிக்கே ஊசி போட்டாலும் போடலாம்."

"ரொம்ப நன்றிடி."

"இரு, வெச்சுடாதே. கூட வர்றவங்க பேரைச் சொல்லு. உன் பேரைப் போடவா, உங்க வீட்டுக்காரர் பேரைப் போடவா? டாக்டர் விவரமெல்லாம் அவங்ககிட்டதான் சொல்லுவாரு."

கீழே சாலை மடிந்து மடிந்து ஊரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பைக் எங்கேயும் தென்படவில்லை.

"ரெண்டு பேரையும் போடு" என்றாள்.

"ஒருத்தரைத்தான் உள்ளே விடுவோம். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். ரெண்டு பேரையும் போடு. வீட்டுக்குப் போய் முதல்ல எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசணும். எல்லாத்தையும் பேசணும். அதுக்கு அப்புறமும் என்னை அந்த அறைக்குள்ள விடுவாரான்னு பார்க்கிறேன்."

ஃபோனை வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.